18446744073709551615: இருபது இலக்க எண்ணைப் பேனாவும் தாளும் வைத்துப் பிரிப்பது எப்படி

தலைப்பில் இருக்கும் எண்ணை எங்காவது பார்த்திருப்பீர்கள். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டத்துக்கும் வைத்துக்கொண்டே போனால் மொத்தம் எத்தனை மணி என்ற பழைய கதையின் விடை இதுதான். 64 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுவே, இதோடு ஒன்றைக் கூட்டினால் அந்தப் பெட்டி நிரம்பி வழிந்து மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1883இல் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரில், அதாவது பெரியதைச் சிறியதன் மேல் வைக்காமல் தட்டுகளை ஒவ்வொன்றாக ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மாற்றும் விளையாட்டில், 64 தட்டு வைத்தால் குறைந்தது இத்தனை தடவை நகர்த்த வேண்டும், நொடிக்கு ஒரு தட்டு என்று நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுக்கு மேல் பிடிக்கும். லூக்காவின் பெயரை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் வேறு வேலைக்குத் திரும்ப வருவார்.

இவ்வளவு பெரிய எண்ணின் காரணிகளை எல்லாம் கணினியைத் தொடாமல் கண்டுபிடிக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு ஓரளவு நினைவிருந்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓடிவிடும். எண் எவ்வளவு பெரிது என்பதைப் பார்த்து மிரள வேண்டாம், அது எப்படி உண்டானது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இதே இருபது இலக்கத்தில் கண்டபடி எழுதிய ஒரு எண்ணைக் கொடுத்தால் கையால் பிரிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். இந்த எண் தானாகவே வழிவிடும்.

முதலில் எண்ணைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்

சிரிக்காதீர்கள், பாதிப் பேர் இங்கேதான் ஒரு இலக்கத்தைத் தொலைப்பார்கள். நம்மூர் முறைப்படி காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. சொல்லிப் பார்க்க வேண்டுமென்றால் சுமார் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடி. ஆனால் கணக்குப் போடும்போது மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதுவதுதான் வசதி, ஏன் என்று உடனே தெரியும்: 18,446,744,073,709,551,615.

அப்புறம், இது எப்படி வந்தது? 1 + 2 + 4 + 8 என்று கூட்டிக்கொண்டே போங்கள். 1, 3, 7, 15. ஒவ்வொரு தடவையும் கூட்டுத்தொகை அடுத்த கட்டத்தில் வைக்கப்போவதை விட ஒன்று குறைவாக இருக்கும். 64 கட்டம் முடிந்தபின் அடுத்த கட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் அதில் 2⁶⁴ மணி இருக்கும், ஆகவே மொத்தம் 2⁶⁴ − 1. இந்த ஒரு வரியைத் தாளின் மேல்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள், இனி எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி.

நான் எழுதிய இலக்கங்கள் சரிதானா என்று பார்க்க வேண்டுமா? 2¹⁶ என்பது 65536. அதை வர்க்கப்படுத்தினால் 2³², அதாவது 4294967296. அதையும் ஒருமுறை வர்க்கப்படுத்தி ஒன்றைக் கழியுங்கள். பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால் பெருக்குவது கொஞ்சம் கை வலிக்கும், ஆனால் ஒரே ஒரு தடவைதான்.

சின்னச் சோதனைகள்

கடைசி இலக்கம் 5, ஆகவே 5ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87 வரும். 87ஐ 3 வகுக்கும், 9 வகுக்காது. ஆகவே நம் எண்ணும் 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்து 7, 11, 13. பள்ளியில் 11க்கு மட்டும் ஒரு விதி சொல்லிக்கொடுத்துவிட்டு 7க்கு நீளவாக்கில் வகு என்று விட்டுவிடுவார்கள், ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சோதனை இருக்கிறது. 7 × 11 × 13 = 1001. ஆயிரத்தை 1001ஆல் வகுத்தால் மீதி −1 என்று எடுத்துக்கொள்ளலாம், அதனால் மூன்று மூன்றாகப் பிரித்த துண்டுகளை வலமிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும்.

615 − 551 + 709 − 073 + 744 − 446 + 18 = 1016.

இந்த 1016ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் மீதி 4, 13ஆல் வகுத்தால் மீதி 2. மூன்றுமே வகுக்கவில்லை. இருபது இலக்க எண்ணை நாலு இலக்கமாகச் சுருக்கி மூன்று பகா எண்களை ஒரே வரியில் முடித்தாயிற்று. இந்தச் சோதனை எந்த எண்ணுக்கும் பொருந்தும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியே 17, 19, 23 என்று ஏறிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போகாதீர்கள். நம் எண்ணின் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 429 கோடி, அதற்குள் 20 கோடிக்கு மேல் பகா எண்கள் இருக்கின்றன. மேலே எழுதி வைத்த 2⁶⁴ − 1 என்ற வரிக்குத் திரும்புவோம்.

வர்க்க வித்தியாசம்: ஐந்து நிமிட வேலை

அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ). எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்த சூத்திரம், இதனால் என்ன பிரயோஜனம் என்று அப்போது கேட்டிருந்தால் இதுதான் பதில். 2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம், 1 என்பது 1இன் வர்க்கம். ஆகவே

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)

வலப்பக்கத் துண்டு மறுபடியும் அதே வடிவில் இருக்கிறது: 2³² − 1 = (2¹⁶ + 1)(2¹⁶ − 1). அப்புறம் 2¹⁶ − 1 = (2⁸ + 1)(2⁸ − 1). இப்படியே உரித்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஆறு எண்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, திரும்ப ஒன்றைக் கூட்டியது. இவற்றுக்கு, பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் பெயரால், ஃபெர்மா எண்கள் என்று பெயர். 3, 5, 17 பகா எண்கள் என்பது பார்த்தாலே தெரியும். மீதி மூன்று?

இங்கே ஒரு நல்ல கதை இருக்கிறது. 1640 வாக்கில் ஃபெர்மா இந்த வரிசையில் வரும் எல்லா எண்ணும் பகா எண்தான் என்று நம்பினார், நண்பர்களுக்குக் கடிதத்திலும் எழுதினார், நிரூபணம் மட்டும் கைக்கு வரவில்லை. 65537 வரைக்கும் அவர் சொன்னது சரி. அடுத்த எண்ணான 4294967297இல் சறுக்கிவிட்டார், அதை 1732இல் ஆய்லர் காட்டினார். ஃபெர்மா அளவுக்கு எண்களோடு பழகியவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போட்டிருந்தால் அவருக்கே கிடைத்திருக்க வேண்டிய காரணி அது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். எப்படி என்று பாருங்கள்.

641ஐப் பிடிப்பது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், கட்டுரையின் சரக்கு இங்கேதான் இருக்கிறது.

ப என்ற ஏதோ ஒரு பகா எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 2³²ஐ ப-ஆல் வகுத்தால் மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴க்கு மீதி 1. இப்போது 2, 2², 2³ என்று ஒவ்வொரு அடுக்காக ஏறி மீதிகளை எழுதிக்கொண்டே போனால், மீதி முதன்முதலாக 1 ஆவது சரியாக 64ஆவது அடுக்கில்தான். அதற்கு முன்பே ஆகியிருந்தால் அந்த அடுக்கு 64இன் காரணியாக இருக்க வேண்டும், அதாவது 1, 2, 4, 8, 16, 32 இவற்றில் ஒன்று. அப்போது 2³²க்கும் மீதி 1 ஆகியிருக்கும், ஆனால் நமக்குத்தான் −1 என்று தெரியுமே. ஆக 64 அடுக்குக்கு ஒருமுறைதான் மீதி 1 திரும்ப வரும். இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2இன் (ப − 1)ஆவது அடுக்குக்கும் மீதி 1. இரண்டையும் சேர்த்தால் ப − 1 என்பது 64இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும்.

அதாவது காரணியாக வர வாய்ப்புள்ள பகா எண்கள் எல்லாமே 64க + 1 என்ற வடிவில்தான் இருக்கும், இங்கே க ஏதோ ஒரு முழு எண். பட்டியல் போடுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. பகு எண்களை அடித்துவிட்டால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை.

லூக்கா திரும்ப வருகிறார் என்றேன் அல்லவா, 1878இல் அவர் இந்த விதியை இன்னும் இறுக்கி, 64க்குப் பதில் 128இன் மடங்கு என்றே சொல்லலாம் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 257, 641 இரண்டுதான் மிஞ்சும். 257 ஏற்கெனவே இன்னொரு ஃபெர்மா எண், இரண்டு ஃபெர்மா எண்களுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது, அதுவும் போயிற்று. நேராக 641.

வகுத்துப் பார்க்க பத்து இலக்க எண்ணை எடுக்க வேண்டாம், மீதியை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் போதும். 2¹⁶ = 65536. 641 × 102 = 65382. மீதி 154. இந்த 154ஐ வர்க்கப்படுத்துங்கள்: 23716. 641 × 37 = 23717, ஒன்று அதிகம். ஆகவே 2³²க்கு மீதி −1, ஆகவே 2³² + 1க்கு மீதி 0. இரண்டே வரி. பெரிய அடுக்குகளைக் கையாளும்போது எப்போதும் இப்படித்தான் செய்ய வேண்டும், வர்க்கப்படுத்து, மீதி எடு, மறுபடி வர்க்கப்படுத்து. இணையத்தில் பூட்டுச் சின்னம் போட்ட பக்கங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ குறியாக்கமும் உள்ளே இதே வேலையைத்தான் இன்னும் பெரிய எண்களில் செய்கிறது.

வகுத்தால் ஈவு 6700417. ஆக 4294967297 = 641 × 6700417.

பகா எண் என்று சும்மா சொன்னால் போதாது

6700417 உடையுமா உடையாதா? அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். இதுவும் 2³² + 1இன் துண்டுதான், அதனால் இதன் காரணிகளும் அதே 128க + 1 வடிவில் இருக்க வேண்டும். 2588க்குள் அப்படிப்பட்ட எண்கள் இருபது, அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்து மட்டும். வகுத்துப் பார்த்தால் மீதி முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூடச் சுழியம் இல்லை. ஆகவே 6700417 பகா எண், விஷயம் முடிந்தது. விதி தெரியாமல் இறங்கியிருந்தால் இதற்கு மட்டும் நூற்றுக்கணக்கான வகுத்தல் போட்டிருக்க வேண்டும்.

65537க்கும் இதே மாதிரிதான். அது 2¹⁶ + 1, அடுக்கு பாதி என்பதால் லூக்காவின் 128உம் பாதியாகும், ஆகவே அதன் காரணிகள் 64க + 1 வடிவில், 256க்குள் இருக்க வேண்டும், அதில் பகா எண் 193 ஒன்றுதான், வகுத்தால் மீதி 110. ஒரே வகுத்தலில் பகா எண் என்று உறுதி. 257க்கு அதுகூட வேண்டாம், 16க்குள் இருக்கும் ஆறு பகா எண்களையும் வாயாலேயே சரிபார்த்துவிடலாம்.

மொத்தத்தில் 18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417.

காரணி கிடைத்தபின் என்னென்ன தெரியும்

ஏழு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம், ஆகவே மொத்தக் காரணிகள் 2⁷ = 128. எண்ணையும் சேர்த்து எல்லாக் காரணிகளையும் கூட்டினால் எண்ணின் சுமார் 1.7034 மடங்கு வரும். 2 மடங்கை எட்டினால் அது செவ்விய எண், இது எட்டாததால் குறை எண். ஒற்றை எண்கள் பெரும்பாலும் இப்படித்தான், இதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

விசேஷம் அடுத்ததில் இருக்கிறது. இந்த எண்ணைவிடச் சிறியதாக, இதோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416. விடை 9208981628670443520. மொத்தத்தில் 49.92 சதவீதம், ஏறக்குறைய சரிபாதி. இது தற்செயல் கிடையாது: 2, 4, 16, 256, 65536 எல்லாம் 2இன் அடுக்குகள், பெருக்கினால் 2³¹, அவற்றுக்கு எதிரே நிற்கும் 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கினால் 2³² − 1. வகுத்தால் பாதிக்கு ஒரு துளி மேலே. 641உம் 6700417உம் அதைக் கொஞ்சம் கீழே இழுக்கின்றன, அவ்வளவுதான்.

அந்த ஐந்தும் வடிவியலிலும் தலைகாட்டும். 1796இல் காஸ், வயது பதினெட்டு, அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து 17 பக்கச் சீர்பலகோணம் வரையலாம் என்று கண்டுபிடித்தார். ஒற்றைப் பக்கங்கள் கொண்ட சீர்பலகோணங்களில் இப்படி வரையக்கூடியவை, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களைப் பெருக்கிக் கிடைப்பவை மட்டுமே. வேறெதற்கும் முடியாது என்ற பாதியை 1837இல் வான்செல் நிரூபித்தார். 65537க்கு மேல் ஃபெர்மா பகா எண் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே நமக்குத் தெரிந்தவரை அப்படிப்பட்ட பலகோணங்கள் 31தான், அந்த 31 எண்களும் நம் 128 காரணிகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன.

வர்க்கம், முக்கோணம், அப்புறம் ராமானுஜன்

கடைசி இரண்டு இலக்கம் 15, அதை 4ஆல் வகுத்தால் மீதி 3. முழு வர்க்கத்துக்கு மீதி 0 அல்லது 1தான் வரும், ஆகவே இது வர்க்க எண் இல்லை, இரண்டு வர்க்கங்களின் கூட்டலும் இல்லை. கடைசி மூன்று இலக்கம் 615, 8ஆல் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எண்ணை மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது. எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கம் போதும் என்று 1770இல் லக்ராஞ்சு நிரூபித்தார், நம் எண்ணுக்கு அந்த நான்கும் தேவைப்படுகிறது.

இது முக்கோண எண்ணா? 1, 3, 6, 10, 15 என்று போகும் வரிசையில் வருமா? ஒரு எண்ணை 8ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால் முழு வர்க்கம் வந்தால் மட்டுமே அது முக்கோண எண். நம் எண்ணுக்குச் செய்தால் 8 × (2⁶⁴ − 1) + 1 = 2⁶⁷ − 7. இருபத்தோரு இலக்க எண், வர்க்கமூலம் போட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் வேண்டாம். 2இன் ஒரு அடுக்கில் 7ஐக் கழித்தால் எப்போது முழு வர்க்கம் வரும் என்ற கேள்வியை 1913இல் ராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வைத்தார். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருந்தால் வருகிறது. இவற்றைத் தவிர வேறு கிடையவே கிடையாது என்று 1948இல் நார்வேக் கணிதர் நாகெல் நிரூபித்தார். 67 அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே நம் எண் முக்கோண எண் இல்லை. அதே பட்டியலைத் திருப்பிப் பயன்படுத்தினால் சதுரங்கப் பலகையில் எந்தெந்தக் கட்டத்தில் நிறுத்தினால் மொத்த மணிகளை முக்கோணமாக அடுக்கலாம் என்பதும் கிடைத்துவிடும்: 1ஆம், 2ஆம், 4ஆம், 12ஆம் கட்டங்கள். பன்னிரண்டாவதில் 4095 மணி, 90 வரிசை.

கணினியில் சரிபார்க்கும்போது கவனம்

எக்செலில் இந்த எண்ணைத் தட்டினால் 18446744073709500000 என்று மாற்றிவிடும், பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரணமாகக் கொடுத்தால் 18446744073709552000 என்று காட்டும். இரண்டுமே இரட்டை எண், நம் எண் ஒற்றை, ஆகவே அதை வைத்துக் காரணி தேடினால் எல்லாமே தப்பாகப் போகும், அதுவும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல். பைத்தானில் முழு எண்ணாகவே வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. தசமப்புள்ளி எங்காவது நுழைந்தால், அல்லது இரட்டைச் சாய்கோடு போட வேண்டிய இடத்தில் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் அதே கதிதான். லினக்ஸ் இருந்தால் முனையத்தில் ஃபாக்டர் கட்டளையோடு எண்ணைக் கொடுங்கள், கண் இமைப்பதற்குள் ஏழு பகா எண்களையும் வரிசையாகப் போட்டுவிடும்.

கை பழக வேண்டுமென்றால் இரண்டு தள்ளி இருக்கும் 18446744073709551617ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இது 2⁶⁴ + 1, அடுத்த ஃபெர்மா எண், வர்க்க வித்தியாசம் இதில் எடுபடாது. மேலே சொன்ன லூக்காவின் விதிப்படி, அடுக்கு 32இலிருந்து 64 ஆனதால் 128உம் இரட்டிப்பாகி, இதன் காரணிகள் 256க + 1 வடிவில் இருக்க வேண்டும். 1880இல் 80 வயதைத் தாண்டிய லாந்ரி என்ற பிரெஞ்சுக்காரர் கையாலேயே இதை உடைத்தார். நீங்கள் 193, 257 மாதிரி நாலைந்து முயற்சியில் முடிந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள், க 1071 வரைக்கும் போக வேண்டும்: 274177 × 67280421310721.